ஐயத்துக்கும் காரணம் வேண்டும்: அகதி மேன்முறையீடுகளில் நம்பகத்தன்மை மதிப்பிடப்பட்ட வரலாறு

1951ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் ஜெனீவாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதிகள் உடன்படிக்கை, அகதி என்பவர் யார் என்பதை வரையறுத்ததே தவிர, அந்த வரையறைக்குள் ஒருவர் அடங்குகிறாரா என்பதை எப்படிக் கண்டறிவது என்பது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவொன்றின் உறுப்புரிமை, அரசியல் கருத்து ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றன் பொருட்டுத் துன்புறுத்தப்படலாம் என்ற தக்க அடிப்படையுள்ள அச்சத்தால் தம் நாட்டுக்கு வெளியே இருப்பவரை அது அகதி என்றது. விசாரணை எவ்வாறு அமைய வேண்டும், எவ்வளவு சான்று போதும், மறுக்கப்பட்டவர் யாரிடம் முறையிடலாம் என்பனவற்றை ஒவ்வொரு நாடும் தானே வகுத்துக்கொள்ள விட்டுவிட்டது. அச்சம் ஒருவரது மனத்துக்குள் இருப்பது. அதற்கான காரணம் கடல்களுக்கு அப்பாலுள்ள நாட்டில் நிகழ்ந்தது. துன்புறுத்தியவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறப்போவதில்லை. தப்பி ஓடியவர் ஆவணங்களைக் கட்டி எடுத்து வந்திருக்கவும் மாட்டார். ஆகவே பெரும்பாலான கோரிக்கைகளில் கோரியவரின் வாய்மொழியே தலைமைச் சான்றாகிறது. அந்த வாய்மொழியை எந்த அளவுக்கு, எந்த அடிப்படையில் ஏற்கலாம் என்று தீர்மானிப்பதையே அகதிச் சட்டத்தில் நம்பகத்தன்மை மதிப்பீடு என்கிறார்கள்.

அந்த மதிப்பீடு நாட்டு நிலைமை பற்றிய மதிப்பீட்டிலிருந்து வேறானது. ஒருவர் சொல்வது முழுதும் உண்மையாக இருந்தும், அவர் திரும்பிச் சென்றால் ஆபத்தில்லை என்று தீர்ப்பாளர் முடிவு செய்யலாம். ஒருவர் சில இடங்களில் பொய் சொல்லியிருந்தும், அவரது இனமும் ஊரும் வயதுமே அவரை ஆபத்தில் நிறுத்தப் போதுமானவையாக இருக்கலாம். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதால் விளைந்த தவறான தீர்ப்புகள் ஏராளம். 1979இல் ஐ.நா. அகதிகளுக்கான உயர் ஆணையர் அலுவலகம் வெளியிட்ட கைநூல், உண்மையைக் கண்டறியும் பொறுப்பு கோரியவருக்கும் விசாரிப்பவருக்கும் பொதுவானது என்றும், கோரியவர் தம்மால் இயன்ற முயற்சியைச் செய்து, அவரது கூற்று பொதுவாக ஒத்திசைவும் பொருத்தமும் உடையதாக இருந்தால், எஞ்சிய ஐயத்தின் பயனை அவருக்கே அளிக்க வேண்டும் என்றும் வழிகாட்டியது. அக்கைநூல் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதன்று. அதன் அறிவுரை நடைமுறைச் சட்டமாக உருப்பெற்ற இடங்கள் மேன்முறையீட்டு மன்றங்களே. அவற்றின் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் கால வரலாற்றை, நம்ப மறுப்பவரையும் காரணம் சொல்ல வைத்த வரலாறு என்று சொல்வதே பொருந்தும். கனடாவில் அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைப் பார்ப்பது, அந்நாட்டில் பெருந்தொகையாகக் குடியேறிய ஈழத்தமிழர்களின் கதையோடும் பிணைந்தது.

கனடா 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் 1969இல்தான் இணைந்தது. நாட்டுக்குள் வந்து சேர்ந்தவர்களின் அகதிக் கோரிக்கையை விசாரிப்பதற்குச் சட்டப்படியான வழிமுறை, 1976ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் 1978 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது ஏற்பட்டது. அவ்வழிமுறையில் கோரிக்கையாளரை மூத்த குடிவரவு அதிகாரி ஒருவர் சத்தியப்பிரமாணத்தின் பேரில் வினவுவார். கேள்விகளும் பதில்களும் எழுத்தில் பதிவாகும். அப்பதிவு அகதி நிலை ஆலோசனைக் குழு எனப்பட்ட அமைப்புக்கு அனுப்பப்படும். கோரிக்கையாளரைக் கண்ணால் காணாத அக்குழு அமைச்சருக்கு ஆலோசனை கூற, அமைச்சர் முடிவெடுப்பார். மறுக்கப்பட்டவர், 1967இல் அமைக்கப்பட்டிருந்த குடிவரவு மேன்முறையீட்டுச் சபையிடம் மறுபரிசீலனை கோரலாம் என்றாலும், சபையும் முதலில் தாள்களை மட்டுமே படித்தது. விசாரணை நடந்தால் கோரிக்கை நிறுவப்படக்கூடும் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் தாள்களிலேயே தெரிந்தால்தான் நேர்முக விசாரணைக்கு வழி திறக்கும். இந்தச் சொற்களை, வெல்வதற்கான வாய்ப்பு தோற்பதற்கான வாய்ப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பொருள்கொண்டதால், தம்மைப் பேச விடுங்கள் என்று கேட்பதற்கே ஒருவர் முன்கூட்டி வென்றிருக்க வேண்டியதாயிற்று. அமைச்சரின் குழு எந்தத் தகவலின் பேரில் மறுத்தது என்பதும் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை.

அக்காலத்திலேயே, தாள்களைக் கொண்டு நடந்த அந்த முறைக்குள்ளிருந்தே, பிற்காலம் முழுவதையும் ஆளப்போகும் விதியொன்று பிறந்தது. சிலி நாட்டவர் ஒருவர் தொடுத்த மால்டொனாடோ வழக்கில், சத்தியம் செய்து ஒருவர் கூறும் செய்திகள், அவற்றின் உண்மையை ஐயுறுவதற்குக் காரணம் இருந்தாலன்றி, உண்மை என்றே முன்கருதப்பட வேண்டும் எனக் கனடாவின் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் 1979 நவம்பரில் தீர்ப்பளித்தது. சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சிக்கு அஞ்சிச் சிலியர்கள் நாடு நாடாக அலைந்த காலம் அது. நீதிபதி ஹீல்ட் எழுதிய அந்தத் தீர்ப்பு மிகச் சுருக்கமானது. பெரிய கொள்கை விளக்கம் எதுவும் அதில் இல்லை. ஆயினும் அது செய்த மாற்றம் அடிப்படையானது. அதுவரை கோரிக்கையாளர் ஐயத்தின் நடுவே நின்று தம்மை நிறுவ வேண்டியிருந்தது. அதன்பின் அவர் நம்பிக்கையின் நடுவே நிற்க, அவரை அங்கிருந்து அகற்ற விரும்பும் தீர்ப்பாளரே காரணம் காட்ட வேண்டியதாயிற்று. முன்கருதல் என்பது மறுக்க முடியாததல்ல. முரண்பாடு, விடுபாடு, நம்பத்தகுந்த ஆவணத்தோடு மோதும் கூற்று ஆகியவை அதைத் தகர்க்கும். ஆனால் காரணமற்ற ஐயம் அதைத் தகர்க்காது. இன்றும் கனடாவின் அகதித் தீர்ப்புகளில் ஓயாமல் எடுத்தாளப்படும் வழக்குகளில் இதுவும் ஒன்று.

மால்டொனாடோ விதி எதை நம்ப வேண்டும் என்று சொன்னது. யார் முன்னிலையில் பேசினால் நம்புவது என்ற கேள்வி அப்படியே நின்றது. அதற்கு விடை கண்டது 1985 ஏப்ரல் 4ஆம் நாள் வெளியான சிங் வழக்கின் தீர்ப்பு. வழக்குத் தொடுத்த எழுவரில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்த சீக்கியர்கள். கோரிக்கை மறுக்கப்பட்டு, மேன்முறையீட்டுச் சபையிலும் நேர்முக விசாரணை கிடைக்காத அவர்கள், தங்களைக் கேளாமலே தங்கள் மேல் தீர்ப்பு எழுதப்பட்டது என்று முறையிட்டனர். கனடாவின் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பளித்த ஆறு நீதிபதிகளும் அவர்கள் பக்கமே முடிவு செய்தாலும் காரணத்தில் மூவர் மூவராகப் பிரிந்தனர்: நீதிபதி பெர்த்தா வில்சன் தலைமையில் ஒரு பாதியினர் 1982இல் வந்த உரிமைகளுக்கும் சுதந்திரங்களுக்குமான சாசனத்தையும், நீதிபதி பேட்ஸ் தலைமையில் மறு பாதியினர் அதற்கு முந்திய 1960ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தையும் அடிப்படையாகக் கொண்டனர். கனடிய மண்ணில் நிற்கும் எவரையும் சாசனம் காக்கும் என்று வில்சன் எழுதினார். ஒருவரது நம்பகத்தன்மை உண்மையிலேயே கேள்விக்குள்ளாகும்போது, அதை நேர்முக விசாரணை நடத்தித்தான் தீர்மானிக்க வேண்டும், தாள்களைப் படித்து ஒருவரைப் பொய்யர் என்று முடிவு செய்வது அடிப்படை நீதிக்கு ஒவ்வாது என்பதும் அவரது தீர்ப்பின் உயிர்நாடி. கனடாவில் ஏப்ரல் 4ஆம் நாள் இன்றும் அகதி உரிமைகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுவது இத்தீர்ப்பின் பொருட்டே.

தீர்ப்பு வந்ததும் பழைய அமைப்பு இயங்க முடியாமல் நின்றது, கோரிக்கைகள் குவிந்தன, புதிய சட்டம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த இடைக்காலத்தில், 1986 ஆகஸ்ட் மாதம், நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகள் இரண்டில் மிதந்துகொண்டிருந்த 150க்கும் மேற்பட்ட ஈழத்தமிழர்களை மீனவர்கள் மீட்டனர். இந்தியாவிலிருந்து நேரே வந்ததாக முதலில் சொன்ன அவர்கள், மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் என்பது சில நாட்களில் வெளிவந்தது. ஏறிவந்த வழியைப் பற்றிச் சொன்ன அந்தப் பொய், அவர்கள் தப்பிவந்த தீவில் 1983க்குப் பின் நடந்துகொண்டிருந்த கொலைகளையும் கைதுகளையும் பொய்யாக்கிவிடவில்லை; ஆனாலும் பத்திரிகைகளிலும் பொதுப் பேச்சிலும் வழிப் பொய்யே முழுப் பொய்யாயிற்று. ஈழத்தமிழர் பேச்சில் ‘ஏஜென்சி’ எனப்படும் பயண முகவர், பயணத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு இன்ன நாட்டின் பெயரைச் சொல்லாதே, இன்ன கடவுச்சீட்டைக் கிழித்துவிடு என்று சொல்லி அனுப்புவதும், அச்சொல்லுக்கு அஞ்சிய மனிதர் முதல் நாளிலேயே அதிகாரியிடம் தவறான விடை தருவதும் அடுத்து வந்த முப்பது ஆண்டுகளில் திரும்பத் திரும்ப நடந்தவை. கோரிக்கையின் மையத்தைத் தொடும் பொய்க்கும் ஓரத்தில் நிற்கும் பொய்க்கும் வேறுபாடு காண வேண்டிய தேவையை இவ்வழக்குகள் மன்றங்களின் முன் கொண்டுவந்து நிறுத்தின.

1989 ஜனவரி 1ஆம் நாள் குடிவரவு மற்றும் அகதிகள் சபை செயல்படத் தொடங்கியது. கோரிக்கையாளர் ஒவ்வொருவரும் நேரில் பேச வழியிருந்தது. இரண்டு உறுப்பினர்கள் கேட்டனர். இருவரும் கருத்து வேறுபட்டால், பொதுவாக, கோரிக்கையாளருக்குச் சாதகமான கருத்தே முடிவாயிற்று. ஐயத்தின் பயன் யாருக்கு என்ற கேள்விக்கு அமைப்பின் வடிவமே விடையாக இருந்த காலம் என்று இதைச் சொல்லலாம். தொடக்கத்தில் இதற்கு முன்னால் ஒரு வடிகட்டும் கட்டமும் இருந்தது: கோரிக்கைக்கு நம்பத்தகுந்த அடிப்படை ஏதேனும் உண்டா என்று மட்டும் பார்க்கும் அந்தச் சிறு விசாரணை 1993இல் கைவிடப்பட்டது. புதிய அமைப்பில் ஒரு பெருங்குறை இருந்தது. மறுக்கப்பட்டவர் தம் வழக்கின் உண்மைகளை மீண்டும் எடைபோடச் சொல்லி முறையிட மன்றம் எதுவும் இல்லை. கூட்டாட்சி நீதிமன்றத்தில் அனுமதி பெற்று நீதி மறுபரிசீலனை கோரலாம். அதாவது, முடிவு சட்டப்படியும் நியாயமான முறையிலும் எடுக்கப்பட்டதா என்று பார்க்கச் சொல்லலாம். அனுமதி மறுக்கப்பட்டால் அதற்குக் காரணமும் தரப்படுவதில்லை.

உண்மைகளை மறுபடி எடைபோடும் அதிகாரம் இல்லாத நீதிபதிகள், எடைபோட்ட முறையைத் திருத்தத் தொடங்கினர். 2012 இறுதி வரை நீடித்த, மேன்முறையீடு இல்லாத இந்த ஏறக்குறைய 24 ஆண்டுகளில்தான் நம்பகத்தன்மை பற்றிய கனடியச் சட்டத்தின் பெரும்பகுதி எழுதப்பட்டது. 1989இன் அட்டகோரா வழக்கில், மொழிபெயர்ப்பாளர் மூலம் சாட்சியம் அளித்தவர்களின் சொற்களை நுண்ணோக்காடியில் வைத்துப் பார்த்து முரண்களைத் தேடிப் பிடிக்கும் ஆர்வம் சபைக்கு ஆகாது என்று நீதிமன்றம் கண்டித்தது. 1991இன் ஹிலோ வழக்கில், நம்பவில்லை என்றால் அதைத் தெளிவான, ஐயத்துக்கிடமற்ற சொற்களில் சொல்லிக் காரணமும் தர வேண்டும், சாட்சியத்தின் மேல் மங்கலான சந்தேகத்தைப் படரவிட்டு நகரக்கூடாது என்றது. 2001இல், பல்கேரியாவிலிருந்து வந்தவர் தொடுத்த வல்ட்செவ் வழக்கில், இப்படி நடந்திருக்கவே முடியாது என்ற முடிவை மிகத் தெளிவான நேர்வுகளில் மட்டுமே எடுக்கலாம் என்று நீதிபதி மல்டூன் எழுதினார். தீர்ப்பாளருக்கு விந்தையாகத் தோன்றும் செயல், கோரியவரின் பண்பாட்டுச் சூழலில் இயல்பானதாக இருக்கலாம் என்பது அவர் காட்டிய காரணம். கொழும்பில் கைதானவரைப் பணம் கொடுத்து மீட்க முடியுமா, இராணுவம் தேடுபவர் தம் பெயரிலுள்ள கடவுச்சீட்டோடு விமான நிலையத்தைக் கடக்க முடியுமா போன்ற கேள்விகளுக்கு டொரொன்ரோவின் பொது அறிவு விடை தராது. இலங்கையின் நடைமுறை தெரிந்தவருக்கோ அவை கேள்விகளே அல்ல.

இவற்றுக்கு எதிர்த்திசையில் இழுத்த தீர்ப்புகளும் உண்டு. 1990இன் ஷேக் வழக்கு, கோரிக்கையாளரை நம்ப முடியாது என்ற பொதுவான முடிவு அவரது சாட்சியத்திலிருந்து பிறக்கும் எல்லாச் சான்றுகளையும் பாதிக்கலாம் என்றது. 1993இன் அகெபோர் வழக்கு, நேரில் கேட்ட சபையே நம்பகத்தன்மையை அளக்கத் தகுந்த இடம் என்று கூறி நீதிமன்றத்தின் கையைக் கட்டியது. பிந்திய தீர்ப்பு சிங் வழக்கின் கொள்கையைத் தலைகீழாகத் திருப்பிப் பயன்படுத்தியது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது: கோரிக்கையாளரைக் காப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட நேர்முக விசாரணை, அவரை நம்பாத உறுப்பினரின் முடிவைக் காக்கும் அரணாயிற்று.

விசாரணை அறைக்குள் ஐயம் எப்படி உருவாகிறது என்பதையும் இங்கே அருகிருந்து காண வேண்டும். உறுப்பினரின் மேசையில் குறைந்தது மூன்று பதிவுகள் இருக்கும்: விமான நிலையத்திலோ எல்லையிலோ அதிகாரி எடுத்த குறிப்பு, கோரிக்கையாளர் வழக்கறிஞர் உதவியோடு நிரப்பிய படிவமும் அதனோடு இணைத்த எழுத்து விவரிப்பும், அன்று அறையில் சொல்லப்படும் வாய்மொழி. முதலாவது, பல மணிநேரப் பயணத்துக்குப் பின், சில நேரம் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பில் எடுக்கப்பட்டது. இரண்டாவது, இன்னொருவர் வடித்த ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. மூன்றாவது, மாதங்களோ ஆண்டுகளோ கழித்துச் சொல்லப்படுவது. மூன்று தடவை கைது என்று ஓரிடத்திலும் இரண்டு தடவை என்று இன்னோரிடத்திலும் இருந்தால் அது முரண்; முதல் குறிப்பில் இல்லாத சித்திரவதை பின்னர் சொல்லப்பட்டால் அது விடுபாடு. விமான நிலையத்தில் சீருடை அணிந்த அந்நியரிடம், அதிலும் ஆண் அதிகாரியிடம், பாலியல் வன்முறையைச் சொல்லாத பெண்ணின் மௌனத்தையும் அதே விடுபாட்டுப் பட்டியலில் சேர்த்த காலமுண்டு. 1993இல் சபைத் தலைவர் வெளியிட்ட பாலினம் சார்ந்த வழிகாட்டுதல்கள், உலகில் இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுபவை, அந்த மௌனத்துக்கு வேறு காரணங்கள் இருக்கலாம் என்பதை உறுப்பினர்களுக்கு எழுத்தில் நினைவூட்டின.

நினைவைப் பற்றிய அறிவியலும் தாமதமாகவே வந்து சேர்ந்தது. பொஸ்னியா, கொசோவோ அகதிகள் 39 பேரை இடைவெளி விட்டு இரு முறை ஒரே நிகழ்வு பற்றிக் கேட்ட பிரித்தானிய ஆய்வொன்று 2002இல் மருத்துவ இதழொன்றில் வெளியானது. அகதிகளாக ஏற்கப்பட்டுவிட்டதால் பொய் சொல்லத் தேவையே இல்லாத அவர்களின் கூற்றுகளிலும் முரண்கள் இருந்தன. நிகழ்வின் மையத்தைவிட ஓரத்து விவரங்களில் அவை மிகுந்தன. அதிர்ச்சியின் பின்விளைவுகளால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களிடம், இரு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட காலம் நீள நீள அவை பெருகின. ஒரே கதையை ஒரே மாதிரி இரு முறை சொல்வதே உண்மையின் அடையாளம் என்ற தீர்ப்பாளர்களின் நெடுநாள் அளவுகோலை இதைவிட நேராகக் கேள்விக்குட்படுத்திய சான்று குறைவு.

யார் முதலில் கேள்வி கேட்பது என்பதும் நம்பகத்தன்மையைத் தொட்ட விவாதமே. 2003இல் வந்த, சபைத் தலைவரின் ஏழாம் வழிகாட்டுதல், கோரிக்கையாளரைத் தம் வழக்கறிஞர் வழியாக முதலில் சொல்ல விடாமல், உறுப்பினரே கேள்விகளைத் தொடங்கும் முறையைப் பொது வழக்கமாக்கியது. தன் கதையைத் தன் ஒழுங்கில் சொல்லும் வாய்ப்பு இதனால் பறிபோகிறது என்று ஈழத்தமிழர் ஒருவர் தொடுத்த தாமோதரம் வழக்கில், 2006இல் கூட்டாட்சி நீதிமன்றம், அவ்வழிகாட்டுதல் உறுப்பினர்களின் தன்விருப்பத் தீர்மானத்தைக் கட்டிப்போடுகிறது என்று கண்டது. 2007இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. உறுப்பினர் முதலில் கேட்பது மட்டுமே அநீதியாகாது என்பது சட்டம். ஆயினும் குறுக்குக் கேள்வியின் தொனியில் தொடங்கும் விசாரணையில் அச்சம் உள்ளவர் சுருங்கிப்போவார் என்பதை வழக்கறிஞர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் நன்கறிவர்.

பிரித்தானியாவின் வரலாறு வேறு வழியில் சென்றது. அங்கே மேன்முறையீடு இருந்தது. ஆனால் 1993ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பலரும் நாட்டைவிட்டு அனுப்பப்பட்ட பின்னரே அதைப் பயன்படுத்த முடிந்தது. 1987 டிசம்பரில், அன்று நாட்டின் உச்ச மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, அச்சம் ஒருவர் மனத்தில் இருந்தால் போதாது, புறநிலையிலும் அதற்கு நியாயமான அளவு வாய்ப்பு இருக்க வேண்டும் என்று ஈழத்தமிழர்கள் தொடுத்த சிவகுமாரன் வழக்கில் தீர்ப்பளித்தது. அதனையடுத்து அவர்களுள் ஐவர் 1988 பிப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். திருப்பியனுப்பப்பட்டபின் அவர்கள் பெயரில் நடந்த மேன்முறையீட்டை 1989இல் விசாரித்த தீர்ப்பாளர், அவர்களது அச்சம் தக்க அடிப்படையுள்ளதே என்று ஏற்றார். நம்பிக்கை பிறந்தபோது அவர்கள் அஞ்சிய நாட்டுக்கே போய்ச் சேர்ந்திருந்தனர். வில்வராஜா வழக்கு என்ற பெயரில் இது ஸ்ட்ராஸ்பூர்க் வரை சென்றும், 1991இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் பிரித்தானியா உரிமைகளை மீறியதாகக் காணவில்லை. மேன்முறையீடு எந்தக் காலத்தில், எந்த இடத்திலிருந்து நடக்கிறது என்பது அதன் விதிகளைப் போலவே முக்கியமானது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை.

அதன்பின் வந்த ஈழத்தமிழர் வழக்குகள் பிரித்தானியச் சட்டத்தைக் கணிசமாகச் செம்மைப்படுத்தின. 1996இல் பதிவான ரவிச்சந்திரன் வழக்கு, ஆபத்தை மேன்முறையீடு விசாரிக்கப்படும் நாளின் நிலவரப்படியே பார்க்க வேண்டும் என்றது. 2000ஆம் ஆண்டின் கருணாகரன் வழக்கு, ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியே நிறுத்துப் பாதிக்கு மேல் உண்மை என்று நிறுவப்பட்டவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தூக்கியெறியும் சிவில் வழக்கு முறை அகதி வழக்குக்குப் பொருந்தாது, எல்லாச் சான்றுகளையும் அவற்றுக்குரிய எடையோடு ஒருசேர வைத்து நோக்க வேண்டும் என்றது. ஆனால் 2004இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் எட்டாம் பிரிவு, கடவுச்சீட்டை அழித்தல், பாதுகாப்பான நாட்டைக் கடந்தும் அங்கே கோராமல் வருதல் போன்ற செயல்களை நம்பகத்தன்மையைக் குலைப்பவையாகக் கொள்ளுமாறு தீர்ப்பாளர்களுக்குக் கட்டளையிட்டது. நீதிமன்றங்கள் படிப்படியாகக் கண்ட உண்மையை அரசியல் ஒரே வரியில் மறுத்த செயல் அது.

உடலே சான்றாகும்போதும் ஐயம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2019 மார்ச் 6ஆம் நாள் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்த்த கே.வி. வழக்கு காட்டுகிறது. பெயர் மறைக்கப்பட்ட அந்த ஈழத்தமிழரின் முதுகில் ஐந்து நீண்ட தழும்புகளும் வலது கையில் இரண்டு சிறிய தழும்புகளும் இருந்தன. இலங்கைப் படையினர் காய்ச்சிய கம்பியால் சுட்டதாக அவர் கூறினார். சூட்டினால் ஆனவை என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. முதுகுத் தழும்புகளின் விளிம்பு நேராக இருந்ததால், சுடும்போது அவர் அசையவில்லை என்றாயிற்று. கையில் சுட்டபோது உணர்வோடிருந்ததாகவும் பின்னர் மயங்கியதாகவும் அவர் விளக்கினார். மேல் தீர்ப்பாயமோ, கோரிக்கைக்குச் சான்று உண்டாக்க அவரே மயக்கமருந்து ஏற்று இன்னொருவரைக் கொண்டு சுட்டுக்கொண்டிருக்கலாம் என்ற சாத்தியத்தைச் சித்திரவதைக்கு எதிரில் நிறுத்தி, அவரது கூற்றை ஏற்க மறுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மையும் அதனோடு உடன்பட்டது. உச்ச நீதிமன்றத்துக்காக எழுதிய நீதிபதி வில்சன் பிரபு, தன் உடலைத் தானே பிறர் கையால் சுடுவித்துக்கொள்வது மிக மிக அரிதான செயலாகவே இருக்கும் என்று குறிப்பிட்டு, வழக்கை மறு விசாரணைக்கு அனுப்பினார். சித்திரவதைக் காயங்களை ஆவணப்படுத்த 1999இல் வகுக்கப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை, ஒரு தழும்பு கூறப்பட்ட காரணத்தோடு பொருந்தவில்லை என்பது முதல் அதற்கு வேறு காரணமே இருக்க முடியாது என்பது வரை ஐந்து படிகளை வைத்திருக்கிறது. அந்தப் பொருத்தத்தைக் கூறும்போது மருத்துவர் தம் எல்லையை மீறவில்லை என்பதையும் தீர்ப்பு உறுதி செய்தது.

கனடாவில் உண்மைகளை மறுபடி பார்க்கும் மேன்முறையீடு 2002இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அதே சட்டம் இரு உறுப்பினர் முறையை நீக்கி ஒருவரே தீர்ப்பளிக்கும் முறையைக் கொண்டுவந்தபோது, இழந்த பாதுகாப்புக்கு ஈடாக வாக்களிக்கப்பட்டது அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவு. ஒற்றை உறுப்பினர் முறை உடனே நடைமுறைக்கு வந்தது. ஈடாக வாக்களித்தது பத்து ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, 2012 டிசம்பர் 15ஆம் நாள்தான் திறந்தது. 2009இலும் 2010இலும் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்த ‘ஓஷன் லேடி’, ‘சன் சீ’ கப்பல்களின் ஈழத்தமிழர்கள், பின்னதில் மட்டும் 492 பேர், தங்கள் கோரிக்கைகளைச் சொன்ன முதல் ஆண்டுகளில் அது இருக்கவில்லை. அது திறந்தபோதும் கதவு முழுதாகத் திறக்கவில்லை. பாதுகாப்பானவை என்று அமைச்சர் குறித்த நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு மேன்முறையீட்டை மறுத்த விதியை 2015இல் கூட்டாட்சி நீதிமன்றம் சாசனத்துக்கு முரண் என்று நீக்கியது. கோரிக்கைக்கு நம்பத்தகுந்த அடிப்படையே இல்லை என்று முதல் மன்றம் எழுதிவிட்டால் மேன்முறையீட்டுக்கு வழியில்லை என்ற விதி இன்றும் நிற்கிறது. யாருடைய ஐயத்தைச் சரிபார்க்க வேண்டுமோ, அவரது ஐயமே சரிபார்ப்பைத் தடுக்கும் நிலை இது.

புதிய பிரிவு பெரும்பாலும் பதிவேட்டைக் கொண்டே இயங்குகிறது: முதல் விசாரணையின் ஒலிப்பதிவு, ஆவணங்கள், எழுத்து வாதங்கள் ஆகியவையே அதன் முன் இருப்பவை. முதல் முடிவுக்குப் பின் தோன்றிய, அல்லது அதற்கு முன் பெற்றிருக்க முடியாத சான்றுகளை மட்டுமே கோரிக்கையாளர் புதிதாகத் தரலாம். அச்சான்று நம்பகத்தன்மை பற்றிய கடுமையான கேள்வியை எழுப்பி, முடிவுக்கு மையமாகவும் அதை மாற்றக்கூடியதாகவும் இருந்தால்தான் நேர்முக விசாரணை நடத்தப்படலாம். தொடக்க ஆண்டுகளில் இப்பிரிவின் உறுப்பினர்கள் பலர், நேரில் கேட்டவர் நம்பவில்லை என்றால் தாம் தலையிடுவது முறையன்று என்று, நீதிமன்றத்தைப் போலவே ஒதுங்கி நின்றனர். 2016 மார்ச் 29ஆம் நாள் ஹுருக்ளிகா வழக்கில் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைத் திருத்தியது: மேன்முறையீட்டுப் பிரிவு சான்றுகளைத் தானே ஆய்ந்து, முதல் மன்றம் சரியாக முடிவு செய்ததா என்று பார்க்க வேண்டும், வாய்மொழியை நேரில் கேட்டதால் முதல் மன்றத்துக்கு உண்மையிலேயே மேலான வாய்ப்பு இருந்த இடங்களில் மட்டும் அதற்கு விட்டுக்கொடுக்கலாம். மறுப்புக்குக் காரணம் முகபாவமோ தடுமாற்றமோ என்றால் நேரில் பார்த்தவருக்கு அந்த மேன்மை இருக்கலாம்; இரண்டு தாள்களுக்கிடையிலான முரண்தான் காரணம் என்றால் தாளைப் படிக்கத் தெரிந்த எவருக்கும் அதே வாய்ப்பு உண்டு. தொடர்ந்து வந்த தீர்ப்புகள், முதல் மன்றம் எழுப்பாத புதிய ஐயத்தை மேன்முறையீட்டுப் பிரிவு எழுப்பினால், அதைக் கோரிக்கையாளருக்கு அறிவித்துப் பதில் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தின.

ஆயினும் 1985இல் சட்டம் கண்ட முதல் உண்மை 2012இன் அமைப்பில் பாதியளவே நிலைத்திருக்கிறது. முதல் விசாரணையில் கோரிக்கையாளர் பேசுகிறார். அவரை நம்பாத முடிவை மேலே உள்ளவர் ஆராயும்போது, பெரும்பாலும், அவர் பேசுவதில்லை. அவரது குரல் ஒலிப்பதிவில் கிடைக்கிறது. முரண் என்று சொல்லப்பட்டதை விளக்கும் வாய்ப்போ வழக்கறிஞரின் எழுத்து வாதத்தோடு முடிந்துவிடுகிறது. பிரித்தானியாவில் 2022ஆம் ஆண்டின் தேசியம் மற்றும் எல்லைகள் சட்டம், கோரிக்கையாளரின் அச்சம் உண்மையானதா என்ற முதற்பகுதிக்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு என்ற கடுமையான அளவுகோலை வைத்து, கருணாகரன் வழக்கில் நீதிமன்றம் விலக்கிய முறையைப் பெருமளவு திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. இரு நாடுகளிலும் சட்டம் முன்னேறியது நீதிமன்றங்கள் வழியாக. பின்வாங்கியது சட்டமன்றங்கள் வழியாக. ஆகவே இப்போது திருத்தம் வேண்டியதும் சட்டத்திலேயே. நம்பவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கோரிக்கை மறுக்கப்பட்டவர் கேட்டுக்கொண்டால், மேன்முறையீட்டை விசாரிப்பவர் அவரை நேரில் அழைத்துக் கேட்பது கட்டாயம் என்று கனடாவின் சட்டம் மாற்றப்பட வேண்டும். நம்பத்தகுந்த அடிப்படை இல்லை என்ற முடிவு மேன்முறையீட்டைத் தடுக்கும் விதியும் நீக்கப்பட வேண்டும்.